ஒரு மணி நேரத் தூக்கம் 49 ரூபாய்

ஆவடிக்காரர் இரவு வண்டி பிடித்துக் கோயம்புத்தூருக்குப் போக வேண்டுமானால், முதலில் கோயம்புத்தூருக்கு எதிர்த்திசையில் 21 கிலோமீட்டர் போக வேண்டும். மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, பக்கத்திலிருக்கும் சென்ட்ரலில் ஏறிப் படுத்தால், கொஞ்ச நேரத்தில் அந்த வண்டி அவர் வீட்டுத் தெருவுக்குப் பின்புறமாகவே ஓடும், பெரும்பாலும் நிற்காமல். போன 21, திரும்பிய 21, ஆக 42 கிலோமீட்டர் ஓடியும் முன்னேற்றம் சைபர். டிக்கெட் காசு மட்டும் சென்ட்ரலிலிருந்துதான் கணக்காகும்.

மின்சார ரயிலுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆகாது. அது ஒரு செலவே அல்ல. இங்கே போடப்போகும் கணக்கு மீதி இரவைப் பற்றியது: ஸ்லீப்பரா, ஏசியா, எந்த பெர்த், எத்தனை நாள் முன்னால், எவ்வளவு மிச்சம், எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

சென்ட்ரலிலிருந்து கோவை 497 கிலோமீட்டர். சேரன் எக்ஸ்பிரஸ் போன்ற சூப்பர்பாஸ்ட் வண்டியில் ஸ்லீப்பர் சுமார் 340 ரூபாய், மூன்றடுக்கு ஏசி சுமார் 860, இரண்டடுக்கு ஏசி சுமார் 1,210. ஐந்து பத்து ரூபாய் முன்பின் இருக்கலாம். 2025-ஆம் ஆண்டில் கட்டணம் இரண்டு முறை ஏறியது. ஜூலை 1-இல் விரைவு வண்டி ஸ்லீப்பருக்குக் கிலோமீட்டருக்கு ஒரு பைசா, ஏசிக்கு இரண்டு பைசா. டிசம்பர் 26-இல் இரண்டுக்கும் இரண்டு பைசா. 497 கிலோமீட்டருக்குப் பெருக்கினால் ஸ்லீப்பருக்கு மொத்தம் 15 ரூபாய். ஏசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 21 ரூபாய். செய்தித்தாளில் தலைப்புச் செய்தியாக வந்த உயர்வு, பிளாட்பாரத்தில் ஒரு டீயும் வடையும் சாப்பிடும் காசுக்குள் அடங்கிவிட்டது.

அந்த 340-க்குள்ளேயே 20 ரூபாய் முன்பதிவுக்கும் 30 ரூபாய் சூப்பர்பாஸ்ட் என்ற பெயருக்கும் போகிறது. வண்டி தாமதமாக வந்தாலும் பெயருக்கான 30 ரூபாய் திரும்பி வராது.

பத்து மணியையொட்டிப் புறப்பட்டு ஆறு மணியையொட்டிப் போய்ச் சேரும் வண்டியில் பத்தரைக்குக் கண்ணயர்ந்து ஐந்தரைக்கு எழுந்தால் ஏழு மணி நேரத் தூக்கம். ஸ்லீப்பரில் ஒரு மணி நேரத் தூக்கம் 49 ரூபாய், மூன்றடுக்கு ஏசியில் 123, இரண்டடுக்கில் 173. தங்கும் அறை வாடகை மிச்சமாகிறது. ஊர் மாறுவது இனாம். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் ஸ்லீப்பர் 68 பைசா. ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 1 ரூபாய் 38 பைசா செலவாகிறது, வசூலிப்பது சராசரியாக 73 பைசாதான் என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சர் சொன்னார். நம் ஸ்லீப்பர் அந்தச் சராசரிக்கும் கீழே நிற்கிறது. சோஷலிசப் பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது 1955 ஜனவரியில், இதே ஆவடியில். அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, இதே ரயில் பாதையில் பெரம்பூரை ஒட்டிய ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். தீர்மானம் என்ன ஆயிற்று என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். அடக்க விலைக்குக் கீழே ஒரு பெர்த் இன்னும் கிடைக்கிறது என்பதில் இரண்டு கருத்து இல்லை.

ஸ்லீப்பருக்கும் மூன்றடுக்கு ஏசிக்கும் இடைவெளி 520 ரூபாய். அந்தக் காசுக்கு எதை வாங்குகிறோம்? குளிர், மூடிய ஜன்னல் தரும் அமைதி, விரிப்பு, தலையணை, கம்பளி. இதில் விரிப்பும் தலையணையும் இப்போது ஸ்லீப்பருக்கே வந்துவிட்டன. தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் 2026 ஜனவரி முதல் பத்து வண்டிகளின் ஸ்லீப்பர் பெட்டிகளில் காசு கொடுத்தால் படுக்கை விரிப்பு தரும் திட்டத்தை அறிவித்தது: விரிப்பு மட்டும் 20 ரூபாய், உறையோடு தலையணை 30, எல்லாம் சேர்த்து 50. மேட்டுப்பாளையம் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அந்தப் பட்டியலில் உண்டு. ஆலப்புழை எக்ஸ்பிரஸும் உண்டு. ஆக 340 கூட்டல் 50, 390 ரூபாய்க்கு விரித்த படுக்கை. வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வையும் காற்றுத் தலையணையும் கொண்டுபோகிறவருக்கு அந்த 50-ம் இல்லை.

ஏசியில் கொடுக்கும் கம்பளியைப் பற்றி ஒரு வார்த்தை. விரிப்பும் தலையணை உறையும் ஒவ்வொரு முறையும் துவைக்கப்படுபவை. கம்பளி மாதம் ஒரு முறையாவது துவைக்கப்படுகிறது என்பது 2024 நவம்பரில் நாடாளுமன்றத்துக்குக் கிடைத்த பதில். மாதத்துக்கு எத்தனை இரவு, எத்தனை பேர் என்று படுத்துக்கொண்டே கணக்குப் போட ஆரம்பித்தால் தூக்கம் கெடும். இரண்டு விரிப்பில் ஒன்றைக் கம்பளிக்கு அடியில் சேர்த்துப் போர்த்திக்கொள்வதே இதற்குத் தீர்வு.

மீதி இருப்பவை குளிரும் அமைதியும். மார்கழியில் ஜோலார்பேட்டை, சேலம் பக்கம் ஸ்லீப்பர் ஜன்னலை இறக்கிவிட்டால் ஏசியே வேண்டாம். காதை மறைத்து ஒரு மப்ளர் போதும். சித்திரை, வைகாசியில் கதை வேறு. காட்பாடி தாண்டும்வரை தகரம் சூடு ஆறாது, மின்விசிறி சூட்டைத்தான் சுழற்றும். அந்த இரண்டு மாதமும், கைக்குழந்தையோடு போகும்போதும், போய் இறங்கியதும் நேர்முகத் தேர்வோ அறுவை சிகிச்சையோ இருக்கும்போதும் 520 ரூபாயைக் கொடுத்துவிடலாம். மற்ற நாட்களில் எனக்கு அது அதிகமாகவே படுகிறது.

இனி பெர்த். இந்தக் கணக்கில் காசில்லாமல் அதிகம் கிடைப்பது இங்கேதான். பலரும் கோட்டை விடுவதும் இங்கேதான்.

புது வகையான எல்.எச்.பி. ஸ்லீப்பர் பெட்டியில் 80 பெர்த். பழைய ஐ.சி.எஃப். வகைப் பெட்டியில் 72. எட்டெட்டாகப் பிரித்த தடுப்புகள் என்பதால் எண்ணை எட்டால் வகுத்தால் இடம் தெரிந்துவிடும். மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ் பெர்த். 2, 5 நடு. 3, 6 மேல். 7 சைடு லோயர். மீதி இல்லாவிட்டால் சைடு அப்பர். 43-ஐ வகுத்தால் மீதி 3, மேல் பெர்த். பெட்டியின் நடுப்பகுதி 33 முதல் 48 வரை. 1 முதல் 8 வரையும் 73 முதல் 80 வரையும் கதவுக்கும் கழிவறைக்கும் பக்கத்தில். இரவு முழுக்கக் கதவு அடிக்கும் சத்தம் இலவசம். எண்ணை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கீழா மேலா என்ற விருப்பத்தைத்தான் சொல்லலாம். ஆனால் கையில் வந்த எண்ணைப் பார்த்தே காதுக்குப் பஞ்சு தேவையா என்று முடிவு செய்யலாம்.

80-இல் கீழ் பெர்த் 20, சைடு லோயர் 10. அதில் ஸ்லீப்பர் பெட்டிக்கு ஆறேழு கீழ் பெர்த்துகள் 60 வயதான ஆண்களுக்கும், 45 வயதான பெண்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கப்பட்டவை. மூன்றடுக்கு ஏசியில் நாலைந்து, இரண்டடுக்கில் மூன்று நான்கு. இந்த ஒதுக்கீட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மூத்தவர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடு இரண்டு பேராகவோ டிக்கெட் எடுத்தால்தான் அது பொருந்தும். பேரன், மகன், மருமகள் எல்லோரையும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக எடுத்தால் பாட்டியின் வயது கணக்கில் வராது. பாட்டிக்கு மேல் பெர்த் வந்துவிட்டதே என்று பெட்டியில் புலம்புகிற குடும்பங்களில் பாதி இப்படி மாட்டிக்கொண்டவைதான். பாட்டிக்குத் தனி டிக்கெட் எடுத்தால் கூடுதல் செலவு இணையக் கட்டணம் மட்டும்: யூபிஐ மூலம் கட்டினால் ஏசி இல்லாத வகுப்புக்கு 10 ரூபாயும் ஜிஎஸ்டியும், 11 ரூபாய் 80 பைசா. மருமகளுக்கு 45 ஆகியிருந்தால் மாமியாரும் மருமகளும் ஒரே டிக்கெட்டில் போகலாம். பெட்டி வேறாக விழும் அபாயம் உண்டு. அப்படி விழுந்தாலும், கீழ் பெர்த்தைக் கையில் வைத்துக்கொண்டு இடம் மாற்றிக்கொள்ளக் கேட்டால் மறுப்பவர் குறைவு.

அதே பாட்டிக்கு 2020 மார்ச் 20 வரை அடிப்படைக் கட்டணத்தில் பாதி சலுகை இருந்தது: 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம், 60 வயதான ஆண்களுக்கு 40. கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தியது பிறகு திரும்பவே இல்லை. முன்பதிவும் சூப்பர்பாஸ்ட்டும் போக 290 ரூபாய் என்று வைத்தால், கோவைக்கு ஒரு வழியில் பாட்டி இழப்பது 145 ரூபாய். கட்டண உயர்வு 15 ரூபாய்க்கு எழுந்த சத்தத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு எழவில்லை.

பிள்ளைகள் கணக்கு இது. ஐந்து வயதுக்குக் கீழே பெர்த் வேண்டாமென்றால் இலவசம். ஐந்திலிருந்து பதினொன்று வரை, பெர்த் வேண்டாமென்றால் பாதி, வேண்டுமென்றால் முழுக் கட்டணம். 2016 ஏப்ரலிலிருந்து இப்படி. ஒன்பது வயதுப் பையனைத் தன்னோடு படுக்கவைத்துப் பாதிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிற அப்பா, காலையில் கோவையில் இறங்கும்போது நடக்கும் நடையைப் பார்த்தவர்கள் அந்த மிச்சத்துக்கு ஆசைப்படமாட்டார்கள்.

நான்கு பேர் குடும்பம் ஒரு வழி போக, முழுக் கணக்கு இப்படி வரும்:

ஸ்லீப்பர் 4 × 340 = 1,360.00
இணையக் கட்டணம், ஒரே டிக்கெட், யூபிஐ = 11.80
காப்பீடு 4 × 45 பைசா = 1.80
விரிப்பும் தலையணையும் 4 × 50 = 200.00
தண்ணீர் இரண்டு லிட்டர் 2 × 14 = 28.00
மொத்தம் 1,601.60

மூன்றடுக்கு ஏசியில் டிக்கெட் 3,440, இணையக் கட்டணம் 23.60, காப்பீடும் தண்ணீரும் அதேதான், விரிப்புக்குத் தனிக் காசு இல்லை: 3,493.40. வித்தியாசம் 1,891 ரூபாய் 80 பைசா. போய்வர என்றால் 3,783 ரூபாய் 60 பைசா. மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்குக் கிளம்பும் மலை ரயிலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் ஊட்டியில் தங்கும் செலவைப் போட்டுப் பார்க்கும்போது இந்தத் தொகையின் மதிப்பு தெரியும்.

இந்தப் பட்டியலில் மிகச் சிறிய தொகைக்குத்தான் அதிகப் பலன். 45 பைசா காப்பீட்டில் விபத்து மரணத்துக்கும் முழு ஊனத்துக்கும் 10 லட்சம், பகுதி ஊனத்துக்கு ஏழரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்கு மட்டும் உண்டு. கவுன்ட்டர் டிக்கெட்டுக்கு இல்லை. பதிவு முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வரும் இணைப்பில் வாரிசுதாரர் பெயரை நிரப்ப வேண்டும். அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று அழித்துவிடுகிறவர்களே அதிகம்.

எத்தனை நாள் முன்னால் என்பதிலும் காசு இருக்கிறது. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும்: பொங்கலுக்காக ஜனவரி 12 இரவு கிளம்ப நவம்பர் 13 காலை 8 மணிக்கு உட்கார வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து, பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த இணையக் கணக்குக்கு மட்டுமே வழி. அதை முந்தின நாளே செய்து வைக்காமல் 8 மணிக்கு ஓடிபிக்குக் காத்திருப்பவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான்.

தவறவிட்டால் தத்கால். முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11 மணிக்கு ஸ்லீப்பர். ஸ்லீப்பருக்கு ஆளுக்குக் குறைந்தது 100 ரூபாய் கூடுதல், மூன்றடுக்கு ஏசிக்கு 300. நான்கு பேருக்கு 400 அல்லது 1,200. உறுதியான தத்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாயும் வராது. சாதாரண டிக்கெட்டை எவ்வளவு முன்னதாக ரத்து செய்தாலும் ஸ்லீப்பருக்கு ஆளுக்கு 120, மூன்றடுக்கு ஏசிக்கு 180 பிடிப்பார்கள். எனவே “எதுக்கும் ஒண்ணு போட்டு வைப்போம்” என்று இரண்டு தேதியில் எடுக்கும் நான்கு பேர் குடும்பம் 480 ரூபாயை முன்கூட்டியே செலவு எழுதிக்கொள்ளலாம்.

வெயிட்டிங் லிஸ்ட் கவுன்ட்டர் டிக்கெட்டோடு ஸ்லீப்பரில் ஏறி டிடிஆரிடம் பேசிக்கொள்ளலாம் என்ற காலம் போய்விட்டது. 2025 மே 1 முதல் கெடுபிடி. பிடித்தால் ஸ்லீப்பரில் 250 ரூபாய் அபராதம், ஏசியில் 440, கட்டணம் தனி. ஆர்.ஏ.சி.க்கு ஏறலாம், ஆனால் முழுக் கட்டணம் கொடுத்த இரண்டு பேருக்கு ஒரு சைடு லோயர். ஒரு மணி நேரத் தூக்கம் 49 ரூபாய் என்ற நம் கணக்கு இங்கே செல்லாது; தூக்கமே இல்லாதபோது எதால் வகுப்பது?

நடு பெர்த்தை விரிக்கும் நேரம் இரவு 10 முதல் காலை 6 வரை. அதனால்தான் பத்து மணிக்குக் கிளம்பி ஆறு மணிக்குச் சேரும் வண்டியை நான் மேலாகச் சொல்வேன். ஏறியதும் படுக்கை, எழுந்ததும் ஊர். “கொஞ்சம் நிமிர்ந்து உக்காந்துக்கிறேன் சார்” என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்பதையொட்டிக் கிளம்பும் வண்டியில் அந்த ஒரு மணி நேரம் கீழ் பெர்த்துக்காரருக்குச் சொந்தமில்லை. செல்போன் சார்ஜ் செய்யும் முனைகளை இரவு 11 முதல் 5 வரை அணைத்துவிடுவது வழக்கம். அலாரம் வைத்து எழ நினைப்பவர் ஆவடியிலேயே சார்ஜ் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும்.

சாப்பாடு சுருக்கமாக. வண்டியில் சைவச் சாப்பாடு 80 ரூபாய். பிளாட்பாரத்தில் பொதுப் பெட்டிகளுக்கு எதிரே விற்கும் பூரி கிழங்குப் பொட்டலம் 20. ரயில் நீர் ஒரு லிட்டர் 2025 செப்டம்பர் 22 முதல் 15-லிருந்து 14 ஆனது. விற்பவரிடம் ஒரு ரூபாய் சில்லறை இருப்பதில்லை என்பது தனிக் கதை. இரவு வண்டிக்கு மிளகாய்ப்பொடி தடவிய நாலு இட்லியை மிஞ்ச எதுவும் இல்லை. ஒன்பது மணிக்கே சென்ட்ரல் பிளாட்பாரத்தில் தின்று கை கழுவிவிட்டால் பெர்த்தில் பொட்டலம் பிரிக்கும் வேலை மிச்சம்.

சாமான் ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம். குடும்பத்துக்கு 160 கிலோ. சட்டம் அனுமதித்தாலும் உங்கள் தோள் அனுமதிக்காது, ஏனென்றால் எல்.எச்.பி. பெட்டி ஒன்று இணைப்போடு 24 மீட்டர். 22 பெட்டி வண்டி 528 மீட்டர். சென்ட்ரல் வாசலிலிருந்து முன்பக்கப் பெட்டிக்கு நடப்பது அரைக் கிலோமீட்டர்.

திருவள்ளூரும் ஆவடியிலிருந்து 21 கிலோமீட்டர்தான், மேற்கே. அரக்கோணம் 48. அங்கே போய் ஏறினால் எதிர்த்திசைப் பயணம் மிச்சமாகாதா என்று கேட்கலாம். டிக்கெட்டில் ஏறும் நிலையத்தை முன்னதாகவே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெர்த் வேறொருவருக்குப் போய்விடும். அதற்குமேல் இரவு பதினொரு மணிக்கு, இரண்டு நிமிடம் நிற்கும் வண்டியில், 528 மீட்டரில் நம் பெட்டி எங்கே என்று தேடி, நம் பெர்த்தில் தூங்குபவரை எழுப்ப வேண்டும். போகும்போது சென்ட்ரலே நல்லது.

வரும்போது பெரம்பூர். மேற்கிலிருந்து விடியலில் வரும் வண்டிகள் பல அங்கே நிற்கும். உங்கள் வண்டி நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல்வரை டிக்கெட் இருந்தாலும் முன்னால் இறங்கத் தடையில்லை. 139-இல் சொல்லி வைத்தால் நிலையம் வருமுன் எழுப்பிவிடும் வசதியும் உண்டு. பெரம்பூரிலிருந்து ஆவடி 15 கிலோமீட்டர், எதிர்ப் பிளாட்பாரத்தில் முதல் மின்சார ரயில்கள் கிடைக்கும் நேரம்.

ஆவடி நிலையத்துக்கு வெளியே ஆட்டோ. 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12. பருத்திப்பட்டுப் பக்கம் மூன்று கிலோமீட்டர் என்றால் 39 ரூபாய் 40 பைசா. மீட்டர் என்ற பேச்சை எடுத்தால் சிரிப்பார்கள், 150 கேட்பார்கள். அது கிலோமீட்டருக்கு 50 ரூபாய், ஸ்லீப்பரைப்போல் 73 மடங்கு. இறங்குமுன்பே வீட்டில் யாரையாவது பைக்கோடு வரச் சொல்லிவிடுங்கள்.